பச்சை நாரும் வெள்ளைத் தூளும்

நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். காலை பத்து மணி இருக்கும். அன்றைக்கு நான் அவருக்குச் சொன்னது ஐந்தாறு வாக்கியம்தான். முப்பத்தொரு வருடம் ஜியாலஜி வகுப்பில் பேசியதில் பாதி எனக்கே மறந்துபோய்விட்டது. அந்த ஐந்தாறு வாக்கியம் மட்டும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே மதில்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. தெருவில் அவரைச் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையும் பிரான்சிலிருந்து பென்ஷனும் வருகிற ஆம்பளை யாராக இருந்தாலும், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தாதான், சிப்பாய்தான். அவர் ஒரு நாளும் துப்பாக்கியைத் தொட்டவர் இல்லை. பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போய், தெற்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் கப்பல் பழுதுபார்க்கிற பட்டறையில் சேர்ந்தார். இருபத்து நாலு வருடம் அங்கேதான். கப்பலின் அடிவயிற்றில், இன்ஜின் அறையில், நீராவி போகிற குழாய்களுக்கு மேலே சூடு தாங்குகிற பூச்சு பூசுவது அவர் வேலை. திரும்பி வந்து இங்கே வீடு கட்டினார். மனைவி சர்க்கரை நோயில் போய்விட்டார். ஒரே மகள் பிரான்சில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்தாள். அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, தினமும் விடிகாலையில் பீச் ரோடு வரைக்கும் நடந்து போய், வரும்போது நீள ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வருவார். அதில் பாதியை ஒடித்து மதில் மேல் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, “மதாம்” என்று ஒரு குரல் கொடுப்பார். படித்த பெண்கள் எல்லாரும் அவருக்கு மதாம். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன்.

கடிதம் பிரான்சிலிருந்து, பிரெஞ்சில் வந்திருந்தது. அவர் படித்துச் சொன்னார். ‘அமியாந்த்’ புழங்கிய இடங்களில் வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு விருப்பமா இல்லையா என்று கீழே உள்ள கட்டத்தில் குறித்து அனுப்ப வேண்டும். அமியாந்த் என்றால் ஆஸ்பெஸ்டாஸ். எனக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் முன்பே தெரியும் என்பதில் அன்று ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது.

அவர் கடிதத்தோடு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் ஷோகேஸில் இருந்த ஒரு கல். எம்.எஸ்ஸி படிக்கும்போது சேலம் பக்கத்து மலையில் களப்பயணம் போனபோது நானே சுத்தியலால் தட்டி எடுத்தது. ஆக்டினோலைட் என்று பெயர். பூமிக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறின பாறையில்தான் அது இருக்கும். உள்ளங்கை நீளம். நல்ல பச்சை. ஒரு கட்டு அருகம்புல்லை இறுக்கிப் பிடித்து அப்படியே கல்லாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. பெரும்பாலும் அந்தக் கல் ஊசி ஊசியாக, விறைப்பாக இருக்கும், தட்டினால் ஒடியும். என்னிடம் இருந்தது அரிதான வகை. அதன் ஒரு முனை பிரிபிரியாகப் பிரிந்து, நகத்தால் கீறினால் பட்டு நூல் மாதிரி இழை வரும். கல்லுக்குள்ளிருந்து நூல் வருவதைப் பார்த்து வாயைப் பிளக்காத மாணவர்களே இல்லை. ஒவ்வொரு வருடமும் அதைக் கல்லூரிக்கு எடுத்துப்போய்க் கையில் கொடுத்துச் சுற்ற விடுவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவேன். அவருக்கும் முன்னொரு நாள் காட்டி, ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்லப்படுகிற ஆறு கனிமங்களில் இதுவும் ஒன்று என்று விளக்கியிருந்தேன்.

அவர் ஷோகேஸைக் காட்டிக் கேட்டார்.

“மதாம், நாங்க குழாய்ல பூசினதும் இதுவும் ஒண்ணுதானா?”

பூச்சு எப்படி இருக்கும் என்று விசாரித்தேன். மூட்டையில் வரும் வெள்ளைத் தூள், தண்ணீர் விட்டுக் குழைத்துக் கையாலேயே அப்புவார்கள், பழைய பூச்சை உடைக்கும்போது அறை முழுக்கப் புகை மாதிரி நிற்கும், எதிரில் இருக்கிறவன் முகம் தெரியாது என்றார். மத்தியானம் சாப்பிடும்போது ரொட்டி மேலேயே விழும், ஊதிவிட்டுச் சாப்பிடுவோம் என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போது நான் சொன்னது இது.

“அது வேற அண்ணே. வெள்ளையா இருந்தா அதோட நார் சுருள் சுருளா இருக்கும், உள்ள போனாலும் உடம்பு கரைச்சிடும்னு படிச்சிருக்கேன். இந்தப் பச்சை மாதிரி நேரா ஊசியா இருக்கறதுதான் கெட்டது. வெள்ளை அவ்வளவு மோசமில்ல. பட்டறையை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆகுது, இனிமே இன்னா வரப்போகுது.”

எப்போதோ படித்த ஒரு பழைய புத்தகத்தின் ஒரு பத்தி, அவ்வளவுதான் என் மூலதனம். நான் டாக்டர் இல்லை. அந்தப் பட்டறையில் வெள்ளைத் தூளோடு வேறு எதெல்லாம் கலந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. இதையெல்லாம்விட இப்போது நினைத்தால் கூச வைப்பது வேறொன்று. அவருடைய தூளைவிட என்னுடைய கல்தான் வீரியமானது என்று சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. ஓய்வு பெற்று மூன்று மாதமாக யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. முதல் முறையாக ஒருவர் கேட்கிறார். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என்னிடமே பேனா கேட்டு வாங்கினார். என் சாப்பாட்டு மேஜையில் வைத்தே ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் குறி போட்டார். காபி குடித்தார். பிரான்சில் இவர்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் காகிதம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ரொட்டி மதில் மேல் வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு மார்கழி மாதம், அவர் பீச் ரோடு வரை போகாமல் பாதி வழியில் மணிக்கூண்டு பக்கம் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாயு பிடித்துக்கொண்டது என்றார். பொங்கலுக்குப் பிறகு அவர் நடையையே நிறுத்திவிட்டார். ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியதா என்று பார்க்க அவர் படி ஏறும் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். முன்பு ஒரே மூச்சில் ஏறுவார். இப்போது நடுவில் நிற்கிற சத்தம் கேட்டது. நான் என் சமையலறையில் நின்றபடி எண்ணியிருக்கிறேன். முதலில் ஒருமுறை நின்றார். சித்திரை வாக்கில் மூன்று முறை.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று இப்போது சொல்கிறேன். அப்போது வயசு, வெயில், வாயு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் அண்ணே என்று நான் சொன்னால், அதோடு சேர்த்து, அன்றைக்கு நான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் எனக்கு நான்கு மாதம் ஆகியும் வாய் வரவில்லை. கல்லைப் பற்றித் தெரியாமல் பேசியது ஒரு தப்பு. அந்த நான்கு மாதம் அதைவிடப் பெரிய தப்பு. முதலாவதற்கு அறியாமை என்று ஒரு பெயர் வைக்கலாம். இரண்டாவதற்கு அப்படி எந்தப் பெயரும் இல்லை.

வைகாசியில் ஒரு நாள் மதியம் அவர் வீட்டு வேலைக்காரம்மா ஓடி வந்தாள். அவர் நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் ஆட்டோ கூட்டி வந்தார். நானும் கணவரும் சேர்ந்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். வலது பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு அதை எடுத்ததும் அவருக்கு மூச்சு வந்தது. மறுநாள் ஒரு இளம் பெண் டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று அவரிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் ஃபிளாஸ்கோடு கால்மாட்டில் நின்றேன்.

என்ன வேலை செய்தீர்கள், எங்கே, எத்தனை வருடம் என்று கேட்டார். ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்ததுண்டா என்று கேட்டார். கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“செஞ்சேம்மா. ஆனா வெள்ளைதான். அது அவ்வளவு மோசமில்லன்னு சொல்றாங்க.”

“யாரு சொன்னது?”

“யாரோ. ஞாபகம் இல்ல.”

எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுதான், எல்லாமே கெடுதல்தான் என்று அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். என் மகள் வயதுகூட இருக்காது. நான் தரையில் இருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தான் சொன்னேன் என்று அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டதை ஒரு திருட்டுப் பொருளை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுபோல வாங்கிக்கொண்டேன்.

நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வருகிற புற்றுநோய் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. உள்ளே போன நார் முப்பது, நாற்பது வருடம் சும்மா கிடந்துவிட்டுக்கூட வேலையைக் காட்டும் என்றார்கள். இரண்டு வருடம் முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்குமா என்று நான் தனியாகப் போய் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இந்த நோயில் முன்பே தெரிந்தாலும் பல பேருக்குப் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை, சிலருக்கு இருக்கலாம் என்றார். பல பேர் என்கிற சொல்லைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். அவர் அந்தச் சிலரில் ஒருவராக இருந்திருந்தால் என்கிற எண்ணம்தான் ஒவ்வொரு முறையும் வந்து நின்றது.

அந்த வாரம் அந்தப் பச்சைக் கல்லை ஈரத் துணியில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, டேப் ஒட்டி, கல்லூரி மியூசியத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள், யார் கையிலும் கொடுக்காதீர்கள் என்றேன். இப்போது அங்கே இருக்கிற இளம் ஆசிரியர், நாங்கள் அதை எப்போதோ நிறுத்திவிட்டோம் மேடம், நீங்கள்தான் உங்கள் கல்லைக் கொண்டுவந்து காட்டுவீர்கள் என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள் அதைக் கீறி முகர்ந்து பார்த்திருப்பார்கள் என்று பஸ்ஸில் வரும்போது எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் விட்டேன்.

அவர் மகள் பிரான்சிலிருந்து வந்தாள். நாற்பதைத் தாண்டிய பெண். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. லீவு வாங்கிக்கொண்டு ஐந்து மாதம் அப்பாவோடு இருந்தாள். நான் தினமும் கஞ்சியோ ரசமோ எடுத்துக்கொண்டு போவேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி மகளைப் பற்றி என்னிடமும் என்னைப் பற்றி மகளிடமும் பெருமையாகப் பேசுவார். ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்தாள். வேறு யாரும் இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணே, அன்றைக்குக் கடிதம் கொண்டுவந்தீர்களே என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “விடுங்க மதாம். நீங்க போகச் சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பனோ மாட்டனோ. எனக்கும் பயம்தான். நீங்க நல்லதாச் சொன்னீங்க, புடிச்சிக்கினேன்.”

பெருந்தன்மையான பேச்சு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் மன்னிப்பு கேட்டு முடிக்கவில்லை. அவருக்கு அன்று பேச அவ்வளவு மூச்சுதான் இருந்தது, அந்த மூச்சை எனக்காகச் செலவழித்துவிட்டார். நான் அதற்கு மேல் பேசியிருந்தால் அது என் சுமையை இறக்க மட்டும்தான். அப்படி நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அதுவும் சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. ஐப்பசி அடைமழையில் அவர் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் தோண்டின குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் இறக்குவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

சடங்குகள் முடிந்து ஒரு வாரத்தில் மகள் ஒரு ஃபைலோடு என் வீட்டுக்கு வந்தாள். அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். அந்தப் பட்டறை வேலையால்தான் நோய் வந்தது என்று பிரான்சில் அதிகாரிகள் ஏற்றுக்கொண்டு எழுதித் தர வேண்டும், அதற்கு விண்ணப்பம் போடுகிறாள். அப்பாவுக்கு எப்போது மூச்சுத் திணறல் ஆரம்பித்தது, எப்படி வளர்ந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார்களாம்.

“உங்களை விட்டா வேற யாரும் இல்ல ஆன்ட்டி. தமிழ்லயே எழுதுங்க. நான் பிரெஞ்சுல மாத்திக்கறேன்.”

அவள் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். மார்கழியில் கடை வாசலில் பார்த்தது, பொங்கலுக்குப் பிறகு நடை நின்றது, மாடிப்படியில் ஒருமுறை நின்றது, மூன்று முறை நின்றது. எழுத எழுத எனக்கே அது ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று படிக்கிற யாரும் கேட்பார்கள். அதனால் கடைசியில் அதையும் எழுதினேன். கடிதம் வந்தது, அவர் என்னிடம் கேட்டது, நான் சொன்ன பதில், என் பேனாவை வாங்கிக் குறி போட்டது, பிறகு நான்கு மாதம் பேசாமல் இருந்தது. இரண்டரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அவள் என் எதிரிலேயே படித்தாள். தமிழ் எழுத்தைக் கொஞ்சம் மெதுவாகத்தான் படிப்பாள். இரண்டாவது பக்கம் திருப்பியதும் இன்னும் மெதுவானாள். படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கவில்லை.

“அப்பா அப்பவே ஃபோன்ல சொன்னாரு,” என்றாள். “கடுதாசி வந்திச்சு, வேணாம்னு எழுதிட்டேன், படிச்சவங்க ஒருத்தங்க ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டாங்கன்னு. நான் யாரோ டாக்டர்னு நெனச்சிக்கினேன்.”

“நான்தான்மா,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, கத்தவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, எதை மொழிபெயர்க்க வேண்டுமோ அந்த வரிகளுக்கு ஓரத்தில் கோடு போட்டாள். மார்கழியிலிருந்து வைகாசி வரை. மற்றதை விட்டுவிட்டாள். அதையும் அனுப்ப வேண்டாமா என்று கேட்டேன்.

“அவங்களுக்கு இது தேவையில்ல. எனக்குத்தான் தேவை,” என்று தாள்களை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மதில் ஓரமாக வந்து நின்று கூப்பிட்டாள். டாக்ஸி வாசலில் நின்றுகொண்டிருந்தது. சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறாள், கரண்ட் பில்லை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். சின்ன வயதில், துறைமுக ஊரில் இருந்தபோது, சாயங்காலம் அப்பா வந்ததும் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாளாம். அம்மா அவருடைய வேலைச் சட்டையை உதறித் துவைக்கும்போது தூள் பறக்கும், இவள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவாளாம்.

“எனக்கு ஏதாவது ஆகுமா ஆன்ட்டி?”

அவள் ஏன் என்னிடம் கேட்டாள் என்று எனக்குப் புரியவில்லை. சோதிக்கவா, நம்பியா, இல்லை வேறு கேட்க ஆள் இல்லாமலா. எனக்குத் தெரியாதும்மா என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது, போன உடனே டாக்டரைப் பார், சட்டை விஷயத்தை விடாமல் சொல், தள்ளிப் போடாதே என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானாகக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. மாசி மாதம் ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, சில வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அந்த விண்ணப்பம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதாம். நல்லதும்மா, நல்லதும்மா என்று இரண்டு முறை சொன்னேன்.

அவளுக்குப் பின்னால் யாரோ பிரெஞ்சில் எதையோ கேட்பதும், அவள் பதில் சொல்வதும் கேட்டது.

“பத்து நிமிஷம்தான் ஆச்சு ஆன்ட்டி,” என்றாள். “படுக்க வெச்சாங்க, மூச்சைப் புடிச்சிக்கோன்னாங்க, முடிஞ்சிடுச்சி. அப்பாவும் போயிருக்கலாம்.”

அவள் குரலில் கோபம் இல்லை. நான் ஆமாம் என்றேன். அவள்தான் ஃபோனை வைத்தாள்.